காய்ச்சல்காரன் ரொட்டி

என் மாமனார் வீரையாவுக்கு நிலம் இருந்தது, மாடு கன்று இருந்தது, தெருவில் நடந்தால் மானகிரியில் பாதிப் பேர் துண்டை இறக்கிக்கொள்ளும் அளவுக்கு மரியாதை இருந்தது. ஆனால் அவர் பெருமைப்பட்டுக்கொண்டது இவற்றுக்காக அல்ல, தன் நாக்குக்காக. ஒரு வாய் மோர் குடித்தால் எந்த மாட்டு மோர் என்று சொல்லிவிடுவாராம். குழம்பை முகர்ந்தாலே புளி பழசா புதுசா என்று தெரிந்துவிடுமாம். அவர் சொல்வார், நாங்கள் கேட்டுக்கொண்டு நிற்போம். சரியா தப்பா என்று யார் சோதித்துப் பார்த்தது? கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த மதியைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

அந்த நாக்குக்கு உயிர் திரட்டுப்பால். பாலை உருளியில் ஊற்றி, சுண்டச் சுண்டக் கிண்டி, சர்க்கரை போட்டு, மறுபடியும் கிண்டி, கரண்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்போது இறக்க வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்து அடுப்பில் ஏற்றினால் வெயில் சாயும்போதுதான் இறங்கும். நடுவில் கையை எடுத்தால் அடிபிடித்துவிடும். முப்பது வருஷமாக அதைக் கிண்டியவர் என் மாமியார் பொன்னுத்தாயி அத்தை. அவருக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. தலை வாரிவிடுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார். தோள் எதனால் போயிற்று என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. திரட்டுப்பாலில் ஏலக்காய் கூடியதா குறைந்ததா என்பதை மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

அதற்கு ஒரு சட்டமும் உண்டு. திரட்டுப்பாலுக்குக் கண் பட்டால் பால் திரிந்துபோகும் என்று அந்த வீட்டில் பரம்பரையாக ஒரு நம்பிக்கை. பால் அடுப்பில் ஏறியதும் அடுப்படிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட வேண்டும். கிண்டுகிறவள் மட்டும் உள்ளே. மற்றவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, தண்ணீர் கேட்கக் கூடாது. மாமனார் மட்டும் கூடத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, உள்ளேயிருந்து வரும் கரண்டிச் சத்தத்தைக் கேட்டபடி கிடப்பார். உருளியில் கரண்டி உரசுகிற சத்தம் அவருக்குத் தாலாட்டு. சத்தம் நின்றால் விழித்துக்கொள்வார். "என்ன, கை நிக்கிது?" என்பார். ஒருத்தி வேகிறாள் என்று காது நிறையக் கேட்டால்தான் அந்த மனுஷனுக்குக் கண் அசரும்.

நான் காளையார்கோவிலிலிருந்து அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது அறுபத்தேழில். இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது தடவை உண்டானபோது கொஞ்சம் உதிரம் பட்டுவிட்டது. பயந்துபோய் என் வீட்டுக்காரர் உடையப்பன் காரைக்குடிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தேன். லேடி டாக்டர் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்: பிள்ளை வேண்டுமென்றால் இவள் பகலில் இரண்டு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க வேண்டும், பால் குடிக்க வேண்டும், சோறு தங்காவிட்டால் ரொட்டியாவது சாப்பிட வேண்டும். இந்தத் தடவையும் போனால் அடுத்தது சந்தேகம் என்று அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது எனக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்து அவர் இதை அப்பாவிடம் சொன்னார். சொன்னார் என்றால், தூணைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். மாமனார் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, பகலில் பொம்பளை படுக்கிற வீட்டில் மூதேவி பாயை விரித்துவிடும் என்றார். மாடு சினையாக இருந்தால் மேய்ச்சலுக்குப் போகாமல் படுத்தா கிடக்கிறது என்றார். ரொட்டி மட்டும் வேண்டுமானால் தின்னட்டும், அது காய்ச்சல்காரன் தின்பது, நம் வீட்டு ஆள் வாயில் வைக்கிற பண்டமா என்று சேர்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் சரிங்கப்பா என்றார். அப்பாவிடம் எதையும் மறைக்கத் தெரியாத பிள்ளை என்று அவருக்கு ஊரில் நல்ல பெயர். அது நேர்மை இல்லை, பயம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இனிமேல் சொல்லப்போகும் விஷயத்தை அவரிடமும் நான் சொல்லவில்லை.

ஆக, படுக்கை இல்லை. பால் ஆண்களுக்கும் திரட்டுப்பாலுக்குமே சரியாகப் போனது. ரொட்டி மட்டும் கிடைத்தது. என் வீட்டுக்காரர் காரைக்குடியில் வேலை முடிந்து வரும்போது சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து தருவார். நான் பாதி தின்பேன், மீதி அடுப்படி அலமாரியில் இருக்கும். அதை மாமனார் கடந்து போகும்போது மூக்கைச் சுளித்துக்கொண்டு போவார்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் அத்தைக்குத் தோள் வீங்கிக் கையை அசைக்க முடியவில்லை. மாமனாருக்கோ அன்றைக்குத் திரட்டுப்பால் வேண்டும். இவள் கிண்டட்டும் என்று என்னைக் காட்டினார். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். நான் பாலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். புகையும் அனலுமாக நின்று கிண்ட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அடிவயிறு இழுத்துப் பிடித்தது. முதல் இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு மனுஷன் மாலையில் விரலை நக்குவதற்காக என் பிள்ளை போகப்போகிறது என்று நினைத்தேன். அழுகை வரவில்லை, அவ்வளவு ஆத்திரம் வந்தது.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள் ஞாபகத்துக்கு வந்தாள். பினாங்கிலிருந்து திரும்பி வந்த பெண். அங்கே திடீரென்று விருந்தாளி வந்தால் ரொட்டியில் ஒரு இனிப்பு செய்வாளாம், வந்தவர்கள் காலையிலிருந்து கிண்டினாயா என்று கேட்பார்களாம். அலமாரியில் முந்தின நாள் ரொட்டி இருந்தது. ஓரத்தை அறுத்துப் போட்டேன். வெள்ளைப் பகுதியை உதிர்த்து நெய்யில் புரட்டினேன். ஒரு கை சர்க்கரையைத் தனியே சிவக்கவிட்டு, அதில் ஒரு செம்பு பாலை ஊற்றி, ரொட்டியைப் போட்டு மசித்து, மீதிச் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துக் கிளறினேன். ஒரு உலை கொதிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. மணல் மணலாக, நெய் கக்கிக்கொண்டு, திரட்டுப்பால் நிறத்திலேயே திரண்டு வந்து நின்றது. வாயில் போட்டுப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, திரட்டுப்பாலை விட நன்றாகவே இருந்தது.

அடுப்பில் ஒரு விறகை மட்டும் புகையவிட்டு, முந்தானையை விரித்துத் தரையில் படுத்தேன். வேறொரு காலி உருளியைத் தலைமாட்டில் கவிழாமல் வைத்துக்கொண்டு, படுத்தபடியே அவ்வப்போது கையை நீட்டிக் கரண்டியால் சுரண்டினேன். இழுத்துப் பிடித்த வயிறு மெல்ல மெல்ல விட்டது. வெளியே மாமனார் குறட்டை விட்டார். மீதிப் பாலில் வயிறு கொள்ளுமட்டும் நான் குடித்தேன். மிச்சம், மாட்டுக் கொட்டில் கூட்டுகிற காளியாயியின் கைப்பிள்ளைக்குப் பின்கதவு வழியாகப் போயிற்று. ரொட்டி ஓரமெல்லாம் கோழிக்கு.

சாயந்தரம் வெள்ளிக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தேன். மாமனார் ஒரு வாய் போட்டார். கண்ணை மூடினார். நான் சாமி எல்லாவற்றையும் கும்பிட்டுக்கொண்டேன்.

"இத்தன வருசத்துல இன்னைக்கித்தான் திரட்டுப்பாலு தின்னுருக்கேன்" என்றார்.

நக்குகிற நாய்க்குச் செக்கு என்ன, சிவலிங்கம் என்ன. அவர் பேச்சைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. காய்ச்சல்காரன் ரொட்டியைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாத இந்த நாக்குக்குத்தானா முப்பது வருஷம் ஒரு தோளைக் கொடுத்தார்கள் என்றுதான் தோன்றியது. அதற்கப்புறம் ஒன்றுவிட்டு ஒருநாள் திரட்டுப்பால் வேண்டுமென்றார். கிண்டுகிற பக்குவத்தில் இருக்கிறது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்தினார். மற்றவள் கிண்டினால் பால் வற்றிப்போகும், இவள் கிண்டினால் நிறைகிறது என்று அதிசயப்பட்டார். ரொட்டி பால் குடித்தால் உப்பும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒரு கிண்ணம் கிடைக்கும் என்றால் எதற்கும் தலையாட்டுகிறவர்கள்.

எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் எனக்குத் தாழ் போட்ட கதவும், தரையும், இரண்டு செம்பு பாலும் கிடைத்தன. மாதம் ஏறிக்கொண்டே போனது. மற்ற இரண்டும் போன மாதங்களை இது தாண்டிவிட்டது. உள்ளே பிள்ளை முதல் தடவை அசைந்தபோது நான் அடுப்படித் தரையில்தான் கிடந்தேன். அசைவைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் உருளியைச் சுரண்ட மறந்துபோனேன். "என்ன, கை நிக்கிது?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

இதில் நான் பார்க்காமல் விட்டது அத்தையை. தோள் வீக்கம் வடிந்த பிறகும் அவரைத் திரட்டுப்பால் கிண்ட யாரும் கூப்பிடவில்லை. வேலை குறைந்ததே என்று நிம்மதியாக இருப்பார் என்று நான் நினைத்தேன். அப்படி இல்லை. அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு பெயர்தான். கட்டினவன் வாயிலிருந்து வருஷத்துக்கு ஒருதரமோ இரண்டுதரமோ "பரவால்ல" என்று ஒரு வார்த்தை வரும். அதுவும் இப்போது போய்விட்டது. என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். தலை வார என்னைக் கூப்பிடாமல், கோணலும் மாணலுமாகத் தானே முடிந்துகொண்டார்.

அத்தையின் அண்ணன் கருத்தையா தேவகோட்டையிலிருந்து விருந்துக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். எங்கண்ணனுக்கு நான்தான் கிண்டுவேன் என்றார் அத்தை. அவர் அந்த வீட்டில் ஒன்றைப் பிடிவாதமாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமனாருக்கு அதில் ஒரு வேடிக்கை தோன்றிவிட்டது. இரண்டு பேரும் கிண்டுங்கள், இரண்டையும் இலையில் வையுங்கள், நான் சொல்கிறேன் என்றார். தீர்ப்புச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் அவருக்குத் திரட்டுப்பால்கூட இரண்டாம்பட்சம்.

முந்தின நாளே இரண்டும் ஆயின. அத்தை விடிந்ததிலிருந்து உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது முகம் சிவந்து, சேலை நனைந்து, வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். உருளியில் இருந்தது அசல் திரட்டுப்பால். வாசனையே ஆளைத் தூக்கியது. பிற்பகலில் நான் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, ரொட்டியை உதிர்த்துக் கிளறிவிட்டுத் தூங்கினேன். அன்றைக்கு எனக்கு ஒரே பயம். அசலும் போலியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் குருடனுக்கும் தெரியுமே, இதோடு என் தரையும் கதவும் போயிற்று என்று நினைத்தேன். இன்னும் இரண்டரை மாதம் தாண்ட வேண்டியிருந்தது.

மறுநாள் பந்தியில் மாமனாரும் கருத்தையா மாமாவும் உட்கார்ந்தார்கள். அத்தை தன் கையாலேயே இரண்டையும் பரிமாறிவிட்டு, எது யாருடையது என்று சொல்லாமல் தூணோரம் நின்றார். மாமனார் அத்தையுடையதை முதலில் எடுத்தார். நாக்கில் புரட்டினார். முகத்தைச் சுளித்தார்.

"இது அவசரத்துல எறக்குனது மச்சான். பாலு வேகவேயில்ல. கிண்டுனவளுக்குப் பொறுமையில்ல, நுனிப்புல்லு மேஞ்சுருக்கா." பிறகு என்னுடையதை எடுத்துப் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். "இதச் சாப்புடுங்க. இதுல்ல நின்ன கை. பொழுதுக்கும் நின்னாத்தான் இந்தப் பதம் வரும்."

கருத்தையா மாமாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தங்கச்சி கைப் பண்டத்தைச் சின்ன வயசிலிருந்து சாப்பிட்டவர். தங்கச்சி முகத்தையும் ஒரு பார்வை பார்த்தார். பார்த்துவிட்டு, மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். அண்ணன் என்று ஒருவர், அவருக்கு ஒரு விருந்து.

நான் தப்பித்துவிட்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எல்லோரும் கை கழுவிப் போன பிறகு பாத்திரம் எடுக்க அடுப்படிக்குப் போனேன். அத்தை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் உருளியிலிருந்து ஒரு துளி எடுத்து வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஒரு துளி. என்னைப் பார்த்ததும், பல நாளைக்குப் பிறகு அவராகவே பேசினார்.

"இன்னும் செத்த நேரம் நின்னுருக்கணுமோ தாயி? கை வலிச்சுச்சு. எறக்கிட்டேன் போல."

அவர் அதை நம்பிவிட்டார். அந்த மனுஷன் சொன்னதை நம்பிவிட்டார். மாமனார் மேல் அதுவரைக்கும் எனக்கு இருந்தது இளக்காரம்தான். அன்றைக்குத்தான் வெறுப்பு வந்தது. சொல்லிவிட்டால் அத்தை போய் அவரிடம் சொல்லக்கூடும், என் இரண்டு மணி நேரம் போகும், பிள்ளையும் போகலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் மூன்றாவது துளியை எடுக்க விரலை நீட்டியதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கதவைச் சாத்தினேன். கோழிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ரொட்டி ஓரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வயிறு இழுத்துப் பிடித்ததையும், டாக்டர் சொன்னதையும், தரையில் படுத்ததையும், காலி உருளியைச் சுரண்டியதையும் சொன்னேன்.

அத்தை ரொட்டி ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு முனையைக் கடித்து மென்றார்.

"எம்புட்டு நேரமாகும்?" என்றார்.

"ஒல கொதிக்கிற நேரம் அத்த."

ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார்.

"எனக்கும் மூணு தங்கல" என்றார். "மூணும் இந்தா, இந்த அடுப்புக்கிட்ட நின்னுதான். காரக்குடியில இந்த ரொட்டி அப்பயே வித்துச்சா?"

வித்துச்சு அத்த என்றேன். வேறென்ன சொல்வது? சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உருளியைத் தூக்கிக்கொண்டு பின்கதவுக்குப் போனார். தான் கிண்டிய திரட்டுப்பால் முழுவதையும் காளியாயியைக் கூப்பிட்டு அவள் ஏனத்தில் வழித்துப் போட்டார்.

அவர் மாமனாரிடம் சொல்லிவிடுவாரோ என்று அன்று முழுக்கப் பயந்துகொண்டே இருந்தேன். மறுநாள் மத்தியானம் பால் வந்தது. மாமனார் சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் அடுப்படிக்குள் போனேன். எனக்குப் பின்னால் அத்தையும் வந்தார். இவளுக்கு மாசமாகிறது, பக்கத்தில் ஆள் வேண்டும் என்று, கூடத்தில் கண்ணை மூடிக் கிடந்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அக்குளில் சுருட்டிய பாயும் தலையணையும் இருந்தன.

ரொட்டியை நான் கிளறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். முடிந்ததும் ஒரு விள்ளல் வாயில் போட்டு, "ச்சீ, இம்புட்டுத்தானா" என்றார். பாயை விரித்தார்.

"நீ படு. சத்தத்த நாம் பாத்துக்கிறேன்."

நான் ஒருக்களித்துப் படுத்தேன். அத்தை காலி உருளியை மடியில் வைத்துக்கொண்டு, கரண்டியால் சுரண்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் வெளியே நாற்காலி கிறீச்சிட்டது.

"யாரு கிண்டுறது, பொன்னுத்தாயியா?" என்றார் மாமனார். "சத்தமே சரியில்ல. ஒனக்கு வராது. கரண்டிய அவகிட்டக் குடு."

அத்தை என்னைப் பார்த்தார். கரண்டியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார். அதே காலி உருளியை அதே மாதிரிச் சுரண்டினார்.

"ஆங், இப்பத்தான் பதம் வருது" என்றார் வெளியிலிருந்து.